பாலர் பள்ளியில் ‘போய் நிற்க’ப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) எழுதி முடித்த பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், ரிசல்ட் வருவதற்குள் யாராவது ஒரு சித்தி சொல்லிவிடுவார்: “சும்மா ஏன் வீட்டுல இருக்கே? பாலர் பள்ளியில போய் நில்லேன்.” அந்த ‘போய் நில்லு’வைக் கவனியுங்கள். பேங்கில் யாரும் போய் நிற்பதில்லை, வேலைக்குச் சேர்கிறார்கள். கிளினிக்கில்கூடச் சேர்கிறார்கள். பாலர் பள்ளியில் மட்டும்தான் நிற்கிறோம். (ஒரு விதத்தில் அது உண்மைதான். உட்கார நேரம் கிடைக்காது.)

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. என் பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயாவாக இருந்தது யார்? பால் எடுக்க மரம் வெட்ட உடம்பு இடம் கொடுக்காதவர், பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போனவர். முடியாதவருக்குக் கொடுத்த வேலை என்பதால் அதை யாரும் வேலையாகவே எண்ணவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்துச் சனம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த எண்ணமும் சட்டி பானையோடு லோரியில் ஏறி வந்துவிட்டது. நீங்கள் சம்பளம் பேசப் போகும்போது அதுவும் பக்கத்தில் வந்து உட்காரும்.

நான் 2009ல் ‘நிற்க’ ஆரம்பித்தேன். மாதம் 450 ரிங்கிட், பழுப்பு உறையில் ரொக்கம். மூன்று வருஷம் கழித்துச் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனால், ஒரு காசு கட்டப்படவில்லை. யாரைக் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. கையில் ஒரு நியமனக் கடிதமும் இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான்: சுவரில் ஒட்டகச்சிவிங்கி, வாசலில் குட்டிக் காலணிகள். உள்ளே சட்டமே வேறு வேறு.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. அது 1984ஆம் வருஷத்துப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிவாக வேண்டும். நான்கு முதல் ஆறு வயது வரை தாடிக்கா, அதாவது நம் பாலர் பள்ளி. அது 1996 கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி இலாகாவில் பதிவாக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும் இடங்கள் உண்டு. அப்படியானால் இரண்டு பதிவும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியோடு சேர்ந்த அரசாங்கப் பாலர் வகுப்பு தனி உலகம். அங்கே ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். ஆசிரியர் ஆக ஆசிரியர் பயிற்சிக் கழகமோ பல்கலைக்கழகமோ முடித்திருக்க வேண்டும். உதவியாளர் வேலைக்கு எஸ்பிஎம் போதும், ஆனால் இடம் காலியாவது அபூர்வம். கெமாஸ் என்ற சமூக மேம்பாட்டுத் துறையும் ஒற்றுமைத் துறையும் நடத்தும் தபிக்காக்களும் (அரசாங்கப் பாலர் பள்ளிகள்) உண்டு. அரசாங்க அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து வையுங்கள், காசா பணமா.

மீதி எல்லாம் தனியார். பெரும்பாலும் நீங்கள் தட்டப்போவது அந்த வாசலைத்தான், அதனால் இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றியே.

இரண்டாம் படி: சேருமுன் ஒரு காலைப்பொழுது அங்கே இருங்கள்

“ஒரு நாள் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் இடத்தை நீங்களும் வேண்டாம் என்று சொல்லலாம்.

தலையை எண்ணுங்கள். தாஸ்காவில் சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். பாலர் வகுப்பில் 25 பிள்ளைகளோடு உதவிக்கு ஆள் இல்லாமல் ஒருத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கு அந்த ஒருத்தி நீங்கள்தான்.

அடுத்து, டீச்சர் கழிவறைக்குப் போகிறாரா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். அவர் போனால் அந்த ஐந்து நிமிஷம் வகுப்பை யார் பார்க்கிறார்? யாரும் இல்லையென்றால் அவர் தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார். நாங்கள் இரண்டு பேர் அப்படிச் சமாளித்துத்தான் மூத்திரக் கடுப்பு வந்து கிளினிக் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சமையல் யார் என்றும் கேளுங்கள். பிள்ளைகள் பசியாற மீஹூன் பிரட்டுவது டீச்சர் என்றால், உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் சட்டப்படி தேவை. அதற்கான செலவை முதலாளி ஏற்கிறாரா என்று அப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி, மற்ற டீச்சர்களிடம், தனியாக: “நீங்க இங்க எத்தனை வருஷம்?” ஒருவர் எட்டு வருஷம், இன்னொருவர் ஐந்து வருஷம் என்றால் அங்கே ஏதோ நல்லது இருக்கிறது. எல்லோரும் போன வருஷம் வந்தவர்கள் என்றால், முதலாளி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நான் சேரமாட்டேன்.

மூன்றாம் படி: கடிதம், கணக்கு, கூச்சம்

மூன்றில் கூச்சம்தான் பெரிய தடை. பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவள் காசு பேசலாமா என்று நமக்கே ஒரு மாதிரி இருக்கும். முதலாளியும் “இது சேவை டீச்சர், புண்ணியம்” என்பார். புண்ணியத்தைக் கொடுத்தால் சீனக் கடையில் அரிசி தரமாட்டார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது வந்தது. சின்ன இடங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல். “நாங்க மூணு பேருதானே” என்று இனி யாரும் சொல்ல முடியாது. இது அடிப்படைச் சம்பளம். 1,200 சம்பளம், 500 அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊழியர் சேமநிதி: 1,700க்கு உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் தனி. ‘மூணு மாசம் டிரையல், அப்புறம் கட்டுறேன்’ என்பது செல்லாது, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும். சேமநிதிச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு மாதம் ஒரு தடவை பாருங்கள். நான் மூன்று வருஷம் பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என் தப்பு.

அரை நாள் வேலை என்றால் கதை கொஞ்சம் வேறு. முழுநேர வேலையில் 30 சதவீதத்துக்கு மேல், 70 சதவீதத்துக்கு மேற்படாமல் வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, வாரம் ஐந்து நாள் என்றால் 20 மணி நேரம், நீங்கள் அதில் வருவீர்கள். அப்போது மணிக்கு 8.72 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. சேமநிதியும் சொக்சோவும் பகுதிநேரத்துக்கும் உண்டு. பள்ளி விடுமுறை வாரங்களில் சம்பளம் உண்டா என்பதை மட்டும் கட்டாயம் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் அதிகமாகச் சண்டை வருவது அதில்தான்.

இப்போது நேரம். 2023லிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வரம்பு. ஒரு நாளில் வேலை தொடங்கி முடியும் நேரம், இடைவேளையையும் சேர்த்து, பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும். பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டே நீங்கள் இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொள்வது ஓய்வு ஆகாது.

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கிறீர்கள். காலை வகுப்பு முடிந்ததும் தமிழ்ப்பள்ளியிலிருந்து டிரான்சிட் பிள்ளைகள் (பள்ளி விட்டபின் பெற்றோர் வரும்வரை நம்மிடம் இருப்பவர்கள்) வேனில் வந்து இறங்குவார்கள். ஐந்து மணிக்கு முடிய வேண்டும். ஈப்போ பக்கம் தொழிற்சாலைக்குப் போன தாய் ஜாமில் மாட்டி ஐந்தே முக்காலுக்கு வருகிறார். அவர் மேல் கோபப்படவும் முடியாது, பாவம். ஆனால் கணக்கு கணக்குதான். நாளுக்கு 45 நிமிஷம், மாதம் 20 நாள் என்றால் 15 மணி நேரம். 1,700ஐ 26ஆல் வகுத்து, எட்டால் வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 12.26 ரிங்கிட். மொத்தம் 183.90. வருஷக் கடைசியில் அது இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். நேரத்தை ஒரு நோட்டில் தினமும் குறியுங்கள். முதலாளியிடம் நோட்டோடு பேசினால் குரல் உயர்த்தவே வேண்டியதில்லை.

முதலாளி பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நானும் ஒரு வருஷம் நிர்வாகம் பார்த்திருக்கிறேன். 30 பிள்ளைகள், ஆளுக்கு 180 ரிங்கிட் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 5,400. வாடகை 1,200, இரண்டு டீச்சர் சம்பளம் 3,400, சேமநிதியில் முதலாளி பங்கு 442. மிச்சம் 358. அதில்தான் சொக்சோ, கரண்டு, தண்ணீர், மைலோ, கலர் பென்சில். அதுவும் 30 பேரும் கட்டணம் கட்டினால். தோட்டத்தில் மழை பெய்து வேலை நின்ற மாதம் ஏழெட்டுப் பேர் பாக்கி வைப்பார்கள். பி40 (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 சதவீத) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் மானியம் கிடைத்தபோது எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆக, எல்லா முதலாளியும் பேராசைக்காரர் இல்லை. ஆனால் அந்த 358ஐ உங்கள் சேமநிதியிலிருந்து எடுத்து ஈடுகட்ட அவருக்கு உரிமையும் இல்லை. கணக்கைத் திறந்து காட்டிப் பேசும் முதலாளியோடு ஒத்துப்போகலாம். “குடும்பம் மாதிரி பழகிட்டு இப்படிக் கேக்குறீங்களே” என்பவரோடு கஷ்டம்.

விடுப்பையும் பார்த்துவிடுங்கள்: முதல் இரண்டு வருஷத்தில் ஆண்டு விடுப்பு எட்டு நாள், நோய் விடுப்பு 14 நாள், பேறுகால விடுப்பு 98 நாள். சட்டை கொடுத்தோம், பொம்மை உடைந்தது என்று சம்பளத்தில் தன்னிஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள், சிலிப்போடு வர வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வக்கீல் தேவையில்லை.

நான்காம் படி: முதல் மூன்று மாதம், உங்கள் உடம்பு

பள்ளி திறக்கும் முதல் வாரம் அழுகை வாரம். ஒரு பிள்ளை தொடங்கினால் பத்துப் பிள்ளை சேர்ந்துகொள்ளும். நீங்களும் கழிவறையில் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வருவீர்கள். மூன்றாவது வாரம் தானாக அடங்கும்.

அதற்குள் தொண்டை போய்விடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கத்துவது. கத்தக் கத்த அவர்கள் சத்தமும் ஏறும். நான் ஒரு சின்னத் தப்பட்டை வைத்திருந்தேன். மூன்று தட்டு என்றால் கையைத் தலைமேல் வைக்க வேண்டும். அது இல்லாதபோது பாட்டை மெல்ல ஆரம்பித்தால் போதும், கேட்பதற்காகவே அடங்குவார்கள். ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை அறையின் இந்த மூலையிலிருந்து கூவாமல், கிட்டப் போய்க் குனிந்து சொல்லுங்கள்.

குனிவது என்றதும் முழங்கால் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளுடைய நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் முப்பது வயதில் இடுப்பு பேசும். சக்கரம் வைத்த குட்டை முக்காலி ஒன்று கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் சொந்தக் காசிலாவது வாங்குங்கள், டாக்டருக்குக் கொடுப்பதைவிட மலிவு. பிள்ளையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

சளியும் காய்ச்சலும் முதல் வருஷம் உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கை கால் வாய் நோய் வந்தால் அதைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கட்டணம் போய்விடும் என்று மூடி மறைக்கும் இடத்தில், கொப்புளத்தோடு வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பும் தைரியம் உங்களுக்குத்தான் வர வேண்டும். தாத்தா பாட்டி கோபித்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: பெற்றோர்

இரவு பத்தரைக்கு வாட்சப் வரும்: “டீச்சர், என் மகன் தண்ணி போத்தல் எங்க?” முதல் நாள் பதில் சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். சேரும்போதே ஏழு மணிக்கு மேல் பதில் கிடையாது, அவசரம் என்றால் போன் செய்யுங்கள் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். கட்டணப் பாக்கியை உங்களைக் கேட்கச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். காலையில் பிள்ளையை வாங்கும் கையால் பாக்கியும் கேட்டால் அந்தத் தாய் உங்களிடம் எதையும் மனம் விட்டுச் சொல்லமாட்டார்.

அடுத்த பிரச்சினை எழுத்து. “இன்னும் ‘அ’ எழுதத் தெரியலையே, அங்க என்னதான் செய்றாங்க?” தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது விளையாட்டு வழியாகக் கற்பதைத்தான் சொல்கிறது. ஆனால் அதைப் பாட்டியிடம் சொன்னால் எடுபடாது. நான் கச்சாங் (வேர்க்கடலை) உரிப்பதைக் காட்டுவேன். விரலில் பலம் இல்லாத பிள்ளை பென்சிலை எப்படிப் பிடிக்கும், வீட்டில் தினமும் பத்துக் கச்சாங் உரிக்கச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள் என்பேன். பாட்டிக்கு உடனே புரியும். அவருக்கே ஒரு வேலை கிடைத்த சந்தோஷம் வேறு.

ஆறாம் படி: எழுதி வையுங்கள்

விழுந்தது, கடித்தது, மோதியது எல்லாம் அன்றன்றைக்குத் தேதி, நேரம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு ஒரு புத்தகத்தில். பெற்றோரிடம் கையெழுத்து. பழி வரும்போது அந்தப் புத்தகம்தான் துணை.

பிள்ளை வீட்டிலிருந்தே அடியோடும் காயத்தோடும் வருவதாகச் சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம். 2001 குழந்தைகள் சட்டம், பிள்ளைகளைப் பராமரிப்பவர் அதைச் சமூகநல அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ‘தாலியான் காசே’ என்ற உதவித் தொலைபேசி எண் 15999. ஊர் சின்னது, எல்லோரும் சொந்தக்காரர்கள், கை நடுங்கத்தான் செய்யும். எனக்கும் நடுங்கியது.

ஏழாம் படி: படித்துக்கொண்டே இருங்கள்

தனியார் இடத்தில் கற்பிக்கக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும். முதலாளி விண்ணப்பிக்கிறாரா என்று கேளுங்கள். தாஸ்கா என்றால் கேஏபி என்ற குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கு மேல், ஆரம்பக் குழந்தைக் கல்வியில் டிப்ளோமா. 2013-2025 கல்விப் பெருந்திட்டம் பாலர் பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் குறைந்தது டிப்ளோமா இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. வார இறுதியில் படிக்கும் வகையில் வகுப்புகள் இருக்கின்றன. அப்புறம் விருப்பம் இருந்தால் தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் பட்டம். செலவுக்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். முதலாளி கட்டாத சேமநிதி இப்படியும் கையைக் கடிக்கும் பாருங்கள். டிப்ளோமா வந்த அன்றே சம்பளம் பேசுங்கள், தீபாவளி போனஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

இருப்பதா, போவதா

ஒரு வருஷம் முடியும்போது இந்தக் கேள்வி வரும். நான் பார்த்த வரைக்கும், சம்பளம் மட்டும் காரணமாகப் போனவர்கள் குறைவு. சம்பளம் குறைவு, அதோடு யாரும் மதிக்கவில்லை, அதோடு பக்கத்து வகுப்பு டீச்சரும் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று மூன்றும் சேரும்போதுதான் போகிறார்கள். அதே போல, இருந்தவர்கள் இருந்ததற்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான்கு மாதம் வாயே திறக்காத பிள்ளை ஒரு நாள் என் காதருகில் வந்து “டீச்சர், எங்க வீட்டு கோழி முட்டை போட்டுச்சு” என்றது. அன்றைக்கு வீட்டுக்கு மோட்டாரில் பாடிக்கொண்டே போனேன். அந்தச் சந்தோஷம் நிஜம். அதைக் காட்டி உங்கள் கூலியைக் குறைக்க விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

போவது என்று முடிவானால் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரம், ஐந்து வருஷத்துக்குக் குறைவென்றால் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். சம்பளச் சிலிப், சான்றுக் கடிதம் எல்லாம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளித் தவணை முடியும்போது போவது நல்லது.

ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். “அழுவாங்க, சொல்லாதீங்க” என்பார்கள், கேட்காதீர்கள். என் முதல் இடத்தில் நான் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பிள்ளையின் பாட்டியைப் பார்த்தேன். அவன் தினமும் காலையில் செருப்பு அடுக்கில் என் செருப்பைத் தேடிவிட்டுத்தான் உள்ளே போகிறானாம்.